104 டாலருக்கு ஒரு பங்கு: ஒரு மருந்து உரிம ஒப்பந்தத்தைப் படித்த அனுபவம்

மருந்து நிறுவனங்களின் உரிம ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதில் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, 2020 நவம்பரில் பயோஜெனும் சேஜ் தெரபியூடிக்ஸும் அறிவித்த கூட்டு. சுரனோலோன் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்ந்து உருவாக்கி விற்பது அதன் மையம். பயோஜென் சேஜுக்குத் தருவது 152.5 கோடி டாலர் என்று செய்திகளில் ஒரே தொகையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் 87.5 கோடி முன்பணம்; மீதி 65 கோடி, சேஜின் புதுப் பங்குகளை வாங்க. பங்குக்குக் கொடுத்த பணத்தை உரிமத்தின் விலையில் சேர்ப்பதா, வேண்டாமா? என் குறிப்பு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நின்றது.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் தேடினேன். முக்கிய ஒப்பந்தம் கையெழுத்தானால் நான்கு வேலை நாட்களுக்குள் 8-கே படிவம் தாக்கலாக வேண்டும். அதில் இருப்பது சுருக்கம் மட்டுமே. முழு ஒப்பந்தம் பெரும்பாலும் காலாண்டு அல்லது ஆண்டு அறிக்கையோடு பின்னால்தான் வரும். ரகசியமான இடங்களில் அடைப்புக்குறிக்குள் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். உரிமம் ஒரு தாள், பங்கு வாங்குவது வேறொரு தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் புரிகிறது.

முதலில் விலை. ஒரு பங்குக்கு ஏறத்தாழ 104.14 டாலர், சுமார் 62 லட்சம் பங்குகள். முந்தைய 30 நாள் விவாப்பை, அதாவது வர்த்தக அளவையும் கணக்கில் எடுத்த சராசரி விலையை விட, இது 40 சதவீதம் அதிகம். ஒரே நாள் விலை என்றால் ஒரு வதந்தியே அதை ஏற்றி இறக்கிவிடும், அதனால்தான் சராசரி. சில ஒப்பந்தங்களில் விலைக்குப் பதில் சூத்திரம் மட்டும் இருக்கும். அப்போது அந்த 30 நாள் கையெழுத்துக்கு முன் முடிகிறதா, பணம் கைமாறும் நாளுக்கு முன்பா என்று பார்ப்பேன். எத்தனை பங்கு போகும் என்பது அதைப் பொறுத்தே மாறும். 19.99 சதவீதம் என்ற உச்சவரம்பும் அடிக்கடி கண்ணில் படும். ஏற்கனவே இருக்கும் பங்குகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ புதுப் பங்குகளைச் சந்தை விலையை விடக் குறைந்த விலைக்கு வெளியிட்டால் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும் என்ற நாஸ்டாக் பங்குச்சந்தை விதிதான் காரணம்.

என் கேள்விக்குப் பதில் பயோஜெனின் ஆண்டறிக்கையில் கிடைத்தது. பங்குக்கு மிகையாகக் கொடுத்த 20.9 கோடி டாலரை அவர்கள் ஆராய்ச்சிச் செலவில் எழுதியிருந்தார்கள். மீதி 44.1 கோடி மட்டுமே முதலீடு. பங்குக்குச் சுமார் 71 டாலர். உடனே விற்க முடியாத பங்கு என்பதும் அந்த மதிப்பில் அடங்கியிருக்கிறது. ஆக, முதல் நாளில் உரிமத்துக்குக் கொடுத்தது 87.5 கோடியும் 20.9 கோடியும் சேர்ந்து 108.4 கோடி. என் குறிப்பில் எழுதியது இந்த எண்ணைத்தான். 152.5 கோடியை உரிம விலை என்று படிக்கும் சிறு முதலீட்டாளரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் கட்டுப்பாடுகள். லாக்-அப், குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்பது. ஸ்டாண்ட்ஸ்டில், அனுமதியின்றி மேலும் வாங்கவோ நிறுவனத்தையே கைப்பற்றவோ முயலக் கூடாது என்பது. 2019-இல் கிலியட் என்ற மருந்து நிறுவனம், கலபாகோஸ் என்ற இன்னொரு மருந்து நிறுவனத்தின் பங்குகளை 140.59 யூரோ வீதம் வாங்கியபோது 10 ஆண்டு ஸ்டாண்ட்ஸ்டில்லும், 29.9 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தன. பலர் தாண்டிப்போகும் பகுதி இது. நான் விலைக்குச் சமமாக இதையும் படிப்பேன்.

2023 ஆகஸ்டில் சுரனோலோனுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. சேஜ் பங்கு சரிந்தது. 2025 ஜனவரியில் பயோஜென் பங்குக்கு 7.22 டாலர் தருவதாகச் சொன்னபோது, சேஜ் 2020 ஒப்பந்தத்தில் பயோஜென் ஏற்றிருந்த ஸ்டாண்ட்ஸ்டில்லை அமல்படுத்தக் கோரி டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு சூப்பர்னஸ் என்ற மருந்து நிறுவனம், பங்குக்கு 8.50 டாலர் ரொக்கத்துக்கும், நிபந்தனைகளோடு மேலும் 3.50 டாலர் வரைக்கும் சேஜை வாங்கியது.