சி 90க்குச் சாமான் தேடி: மண்டூரிலிருந்து அம்பாறை வரை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஹோண்டா சி 90 மோட்டார் சைக்கிள் இன்னும் உழைக்கிற வண்டி. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் விடியற்காலையில் போனால், பின் கரியரில் உரமூட்டையோடு வாய்க்கால் ஓரமாக அது போவதைக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின், மாலுக்குள் (கொட்டகைக்குள்) விறகோடு கிடந்த வண்டிகளையும் இழுத்துக் கழுவத் தொடங்கினார்கள். அப்படி ஒன்றை எடுத்து ஓடவைக்க விரும்புகிறவருக்கான வழி இது: மண்டூரில் வாவியைக் கடந்து குருமன்வெளி, அங்கிருந்து வடக்கே மட்டக்களப்பு நகரம், திரும்பிக் காத்தான்குடி, கல்முனை, காரைதீவுச் சந்தியால் உள்ளே அம்பாறை.

கிளம்புமுன் எந்த சி 90 என்று தெரிந்திருக்க வேண்டும். பழையது 89 சி.சி.; போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 45.6 மி.மீ., 6 வோல்ட். பின்னால் வந்த 12 வோல்ட் வண்டி 85 சி.சி., போர் 47 மி.மீ. கடையில் வெறுமனே “சி 90 பிஸ்டன்” என்று கேட்டால் எது கைக்கு வருமென்று சொல்ல முடியாது. பழையதை அடையாளம் காண்பது சுலபம். பொயின்ற் (திறந்து மூடிப் பொறியை எழுப்பும் தொடுமுனை) சிலிண்டர் ஹெட்டின் இடப்பக்கத்தில், சின்ன வட்ட மூடிக்குள் இருக்கும். சி 50, சி 70 வண்டிகளில் அது மக்னெற் சக்கரத்துக்குள் இருக்கும். அவை பற்றரி செத்தாலும் ஸ்டார்ட் ஆகும். பழைய சி 90க்கு பற்றரியில் உயிர் இருந்தால்தான் பிளக்கில் பொறி வரும். உதைத்து உதைத்துக் கால் நோகுமுன் பற்றரியை அளந்து பாருங்கள். இனிச் சொல்வதெல்லாம் 89 சி.சி. வண்டிக்கு.

எங்கள் கரையில் எஞ்சினை விடச் சட்டகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது அழுத்திய தகட்டால் செய்த சட்டகம்; துரு உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ற் பளபளவென்று நிற்கும். பின் மட்கார்டின் உட்பக்கம், ஸ்விங் ஆர்ம் போல்ட் சுற்றுவட்டம், பற்றரிப் பெட்டியின் அடி ஆகிய மூன்று இடத்தையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் கூர்முனையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் வண்டியை விடுங்கள். 2004 ஆழிப்பேரலையிலோ பின்வந்த வெள்ளங்களிலோ மூழ்கிய வண்டியென்றால் ஒயில் போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதிலும் உப்புநீரென்றால் கிராங் பெயாரிங் குழிவிழுந்திருக்கும். சத்தம் முதல் நாளில் கேட்காது, ஒரு மாதத்தில் கேட்கும்.

மண்டூர்த் துறையில் பாதையில் (வாவி கடக்கும் மிதவைப் படகில்) ஏற்றும்போது பெற்றோல் திறப்பை மூடிவிடுங்கள். காபரேற்றருக்குள் பெற்றோலை நிறுத்தும் பழைய மிதவை ஊசி பிடிக்காமல் விட்டால் பெற்றோல் காபரேற்றரால் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கி ஒயிலை நீர்த்துவிடும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கழற்றி அளந்துவிடுவது நல்லது. பாதிச் சாமான் வாங்கத் தேவையில்லை என்பது அப்போது தெரியும். கழற்றும்போது ஒரு விஷயம்: கவர்களில் இருப்பவை ஜப்பானிய முறை ஸ்க்ரூ. சாதாரண நட்சத்திர டிரைவரின் முனை அந்தப் பள்ளத்தில் முழுதாக அமராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பானிய முனை போட்ட இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. அசையாவிட்டால் முந்திய இரவே டீசல் விட்டு ஊறவிடுங்கள். ஹெட்டைப் பிடிக்கும் நாலு நட்டில் ஒன்றுக்குச் செம்பு வாசர் இருக்கும். ஒயில் மேலேறும் வழி அந்த ஸ்ரட் ஓட்டைதான். எது எங்கே இருந்ததென்று கழற்றும்போதே குறியிடாவிட்டால், பூட்டியபின் அந்த நட்டடியில் ஒயில் கசியும்.

போர் தேய்ந்ததா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேல் ரிங்கைக் கழற்றி சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்குங்கள். ரிங்கின் இரு முனைக்கும் இடையிலுள்ள வெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ரிங் ஓடாத அடிப்பக்கத்தில் ஒரு தடவை, மேலிருந்து 10 மி.மீ. கீழே ஒரு தடவை. அடியில் 0.30, மேலே 0.70 வந்தால் வித்தியாசம் 0.40. அதை 3.14 ஆல் பிரித்தால் 0.13 மி.மீ. விட்டத்தில் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. 0.10ஐத் தாண்டினால் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும். புது ரிங் மட்டும் போட்டால் சில வாரத்தில் பழைய புகை திரும்பி வரும். வித்தியாசம் சிறிதாக இருந்து, அடியில் வைத்தபோதே வெளி 0.50க்கு மேலென்றால் தேய்ந்தது ரிங்தான். புது ரிங் சோடி போதும், போர் அடிக்கப் போகும் கல்முனைப் பயணம் மிச்சம். புகையும் ஒரு சாட்சி: முறுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங் அல்லது போர், காலையில் முதல் உதையில் மட்டும் வந்து நின்றால் வால்வ் கைட் (வால்வின் தண்டு ஓடும் குழல்).

மட்டக்களப்பு நகரில் நாளாந்தச் சாமான் எல்லாம் எடுத்துவிடலாம்: பிளக், கேபிள், செயின், ரயர். ரயர் 2.50-17, தேடவே வேண்டாம். செயின் வாங்கும்போதுதான் ஏமாறுவார்கள். சி 90க்கு 428, சி 50க்கு 420. இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் ஒன்றே, 12.7 மி.மீ. அதனால் மாறி வாங்கினாலும் சக்கரத்தில் சுற்றிப் பார்க்கையில் பொருந்தியது போலவே தெரியும். 420இன் உள்ளகலம் 6.35 மி.மீ., 428க்கு 7.94. ஒடுங்கிய செயின் அகன்ற பல்லில் ஏறி நின்று அறுக்கும். பக்கத் தகட்டில் இலக்கம் அடித்திருக்கிறது, வாசித்து வாங்குங்கள். பூட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

6 வோல்ட் பற்றரிக்கு எமெர்ஜென்சி லைட் விற்கும் கடையில் 4.5 ஆம்பியர்-மணி மூடிய பற்றரி கிடைக்கும். அளவு பெட்டிக்குள் அடங்கும். ஆனால் பழைய சி 90இல் ஒழுங்கான ரெகுலேற்றர் இல்லை. பகலில் லைட் போடாமல் நெடுந்தூரம் ஓடினால் சார்ஜ் கூடிப் பற்றரி வீங்கும். நடுத்தர வேகத்தில் மீற்றரை வைத்துப் பாருங்கள், 7.3 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ஒரு 6 வோல்ட் ரெகுலேற்றர் சேர்க்கத்தான் வேண்டும். லைட் மங்கினால் பல்பை மாற்றுமுன் எர்த் வயர் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டுங்கள். துருவில் அரை வோல்ட் போனால் 12 வோல்ட் வண்டிக்கு அது சின்ன இழப்பு. 6 வோல்ட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

காபரேற்றருக்குப் புதுச் சீனக் காபரேற்றர் தரட்டுமா என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். பழையதை எறிய வேண்டாம், அதன் ஜெற் அளவுதான் இந்த எஞ்சினுக்கு உரியது. இந்த வண்டியில் அடிக்கடி கெடுவது காபரேற்றரின் முகத்தகடு. இரண்டு நட்டையும் கண்டபடி இறுக்கியவர்கள் கை பட்டு அது வில்லாக வளைந்திருக்கும். இடையில் காற்று புகும், ஐட்லிங் நிற்காது, ஜெற்றை எத்தனை தரம் கழுவினாலும் குணமாகாது. கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாளை விரித்து, ஒரு சொட்டு ஒயில் விட்டு, முகத்தகட்டை எட்டு வடிவில் தேயுங்கள். முதலில் இரண்டு காது மட்டும் வெள்ளையாகும், நடு கறுப்பாகவே நிற்கும். முழு முகமும் ஒரே நிறமாகும்வரை தேய்த்து, புது ஓ-ரிங் போட்டு, நட்டை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

காத்தான்குடியில் ஹாட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. பக்கிங் (இணைப்பில் கசியாமல் இடையில் வைப்பது) வெட்டும் தாள், ஓ-ரிங், போல்ட், எமரித் தாள், டாங்கி கழுவ வினாகிரி எல்லாம் ஒரே நடையில் முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டியிருக்கும், கல்முனையும் சாய்ந்தமருதும் அப்படியே. அந்த நாளை விடுங்கள். எந்தக் கடையிலும் பெயர் சொல்லி விளக்கப் போக வேண்டாம். “காக்கா (அண்ணன்), இந்தச் சாமானுக்குச் சோடி இருக்கா?” என்று பழையதை மேசையில் வைத்தால் போதும். கிரீஸ் துடைத்த சாமானென்றால் அவர் தட்டுக்களில் தேடுவார். அழுக்கோடு நீட்டினால் “இல்லத் தம்பி” என்று வந்துவிடும்.

அடிப் பக்கிங், கவர் பக்கிங் எல்லாவற்றையும் தாளில் வெட்டலாம். ஹெட் பக்கிங்கை வெட்டக்கூடாது, வாங்கத்தான் வேண்டும். டாங்கித் துருவுக்கு வினாகிரியை முழுதாக ஊற்றி ஒரு நாள் வையுங்கள், அடுத்து அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள். அலசி முடித்ததும் வெயிலில் உலர்த்தி, உடனே பெற்றோலில் கொஞ்சம் 2ரீ (டூ ஸ்ட்ரோக்) ஒயில் கலந்து உள்ளே சுழற்றிவிட வேண்டும். வெறும் டாங்கியை இரவு விட்டால் உப்புக்காற்றில் காலையில் மறுபடி சிவந்திருக்கும்.

களுவாஞ்சிகுடி தாண்டிக் கல்முனை வரை கடலோரப் பாதை. கல்முனைக்கு வருவது லேத் வேலைக்காக. உழவு இயந்திரமும் படகு எஞ்சினும் நெல் ஆலையும் சூழ்ந்த இடத்தில் லேத்காரருக்குக் கை பழகியிருக்கிறது. போர் அடிக்கக் கொடுக்குமுன் பிஸ்டன் உங்கள் கையில் இருக்க வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று கூடிய அளவுகளில் பிஸ்டன் வருகிறது. கிடைத்த பிஸ்டனின் உண்மையான அளவுக்குத்தான் போர் அடிக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி முதலில் அடித்துவிட்டு, பிறகு பிஸ்டன் தேடுகிறவர்கள் சிலிண்டரை இழப்பார்கள். பின்னுக்குக் குறுக்கே, பிஸ்டனின் அடிப்பக்கத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, 0.03 முதல் 0.04 மி.மீ. இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். கடைந்தபின் சுவரில் தேய்த்துப் போடும் ஹோன் கோடு குறுக்கு மறுக்காகத் தெரிய வேண்டும், கண்ணாடிபோல் வழவழத்த சுவரில் ரிங் படியாது. இங்கு கிடைக்காத பிஸ்டனையும் ஹெட் பக்கிங்கையும் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கலாம்.

முன் சக்கரத்தின் குட்டைக் கைகளில் உள்ள புஷ்ஷையும் அதே பட்டறையில் முடித்துவிடுங்கள். பிறேக் பிடித்ததும் முன்பக்கம் உதறினால் காரணம் அதுதான். அச்சின் தேய்ந்த அளவை எடுத்து வெண்கலத்தில் கடைந்தால் கடையில் விற்கும் புஷ்ஷை விட நன்றாக நிற்கும். பெயாரிங்குக்கு ஹோண்டா என்ற பெயரே தேவையில்லை, விளிம்பில் இலக்கம் இருக்கிறது. 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ.; எந்த இயந்திரத்துக்கு வந்ததென்றாலும் அளவு மாறாது. ஆலைகளுக்குப் பெயாரிங் விற்கும் கடையில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். வயல் தண்ணிக்கும் கடற்காற்றுக்கும் அதுதான் தாங்கும்.

காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறை வழியாக வயலுக்கு நடுவே அம்பாறைக்குப் போகலாம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போக வேண்டாம். அம்பாறைக் கடைகளில் பேச்சு சிங்களத்தில். இலக்கமும் பழைய சாமானும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கழற்றிய பழைய எஞ்சின், ரிம், மட்கார்ட் போன்றவற்றை விசாரிக்கும்போது முழுச் சீன 110 சி.சி. எஞ்சினை மாட்டிவிடச் சொல்லும் ஆட்களும் வருவார்கள். வேண்டாமென்பதே எங்கள் கருத்து. சி.ஆர். புத்தகத்தில் (வண்டிப் பதிவுச் சான்றில்) எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் எழுதியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்த வேண்டும், அதைச் செய்யாத வண்டியை விற்பதும் சிக்கல். புத்தகம் இல்லாத பழைய எஞ்சினையும் தொட வேண்டாம்.

பூட்டும்போது இரண்டு அமைப்பில் அவசரம் ஆகாது. ஒன்று பொயின்ற். இடைவெளி 0.35 மி.மீ. வைத்து, மக்னெற் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பி பொறி வரவேண்டிய இடத்தைக் காட்டும் எஃப் (F) குறியைக் கோட்டோடு நிறுத்துங்கள். ஒரு 6 வோல்ட் பல்பைப் பொயின்ற் வயருக்கும் எர்த்துக்கும் இடையில் பிடித்துச் சாவியைப் போட்டால், குறி சேரும் அதே கணத்தில் பல்பு எரியத் தொடங்க வேண்டும். கேமின் மேல் உரசும் ஃபெல்ற்றில் ஒரு சொட்டு ஒயில் விடாவிட்டால் பொயின்ற்றின் குதி தேயும், இடைவெளி ஒடுங்கும், பொறி பிந்தும். இரண்டாவது கிளச். லொக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு மெதுவாக இடஞ்சுழியாகத் தடை தட்டும்வரை கொண்டு வாருங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று. அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் போர் அடித்த எஞ்சினை வெட்டவெளிப் பாதை என்று முறுக்க வேண்டாம். முதல் 500 கி.மீ. அரைத் திறப்பைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 100 கி.மீ.யில் ஒயிலை இறக்கி மாற்றி, வலப்பக்கக் கவருக்குள் இருக்கும் ஒயில் வலையைக் கழுவுங்கள். இந்த எஞ்சினில் காகித ஃபில்ற்றர் இல்லை; வெட்டுத் தூளெல்லாம் அந்த வலையிலும் கிளச் மூடிக்குள் சுழலும் கிண்ணத்திலும்தான் தங்கும். 500இல் மறுபடி ஒயில் மாற்றி, எஞ்சின் ஆறியபின், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ரீ (T) குறியில் இரண்டு வால்வ் இடைவெளியையும் 0.05 மி.மீ.க்கு வையுங்கள். புது ஹெட் பக்கிங் படிந்ததில் அது கட்டாயம் மாறியிருக்கும்.