கோதுமை பிரெட்டா, வெள்ளை பிரெட்டா: ஒரு பிப்ரவரி நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

மருத்துவர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்: “வெள்ளை பிரெட்டை விட்டுட்டு கோதுமை பிரெட் சாப்பிடுங்கம்மா.” அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான். “அப்போ கோதுமை பிரெட்டுன்னா எத்தனை துண்டு வேணாலும் சாப்பிடலாமாடி? சுகர் ஏறாதுல்ல?”

வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. சர்க்கரை நோய் இருக்கிற ஒருத்தருக்கு அரைகுறை பதில் சொல்வது ஆபத்து. அதனால் இன்று இரவு எண்களோடு உட்கார்ந்தேன். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்து அட்டவணையில் கடை பிரெட்டுகளுக்கான சராசரி கிடைக்கிறது. 100 கிராம் வெள்ளை பிரெட்டில் சுமார் 265 கலோரி. முழுக்கோதுமை பிரெட்டில் சுமார் 250. மாவுச்சத்து வெள்ளையில் 49 கிராம், மற்றதில் 43. கொழுப்பு இரண்டிலும் மூன்றரை கிராமை ஒட்டித்தான்.

உடம்பு இளைக்கும் என்று நம்பி பிரெட்டை மாற்றுகிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு துண்டுக்குக் கணக்குப் போட்டால் நாலைந்து கலோரிதான் குறைகிறது.

வித்தியாசமெல்லாம் அட்டவணையில் அதற்குக் கீழே இருக்கிறது. நார்ச்சத்து வெள்ளையில் இரண்டரை கிராம், முழுக்கோதுமையில் 6. புரதம் 9, 12. மெக்னீசியம் வெள்ளையில் 25 மில்லிகிராம் பக்கம், முழுக்கோதுமையில் 75 பக்கம். பொட்டாசியமும் துத்தநாகமும் ஏறக்குறைய இரட்டிப்பு. கலோரிக்காக அல்ல, இவற்றுக்காகத்தான் முழுக்கோதுமையைத் தேட வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவைத்தேன். அம்மா கேட்ட சர்க்கரை விஷயம் தனி. அதற்கு இன்னும் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த எண்கள் ஏன் இப்படி வருகின்றன என்பது கோதுமை மணியின் உள்ளமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடுகிறது. வெளியே தவிடு, மணியின் எடையில் சுமார் 14 விழுக்காடு. அடியில் ஒரு மூலையில் முளை, இரண்டு மூன்று விழுக்காடுதான். மீதி எல்லாம் நடுவில் இருக்கும் வெள்ளை மாவுப்பகுதி. செடி முளைத்து வரும்போது தின்பதற்கான சேமிப்பு அது. மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் நிறைந்தது. நார்ச்சத்து, தாது உப்புகள், பி வைட்டமின்களில் பெரும்பங்கு தவிட்டிலும் அதையொட்டிய அடுக்கிலும் இருக்கின்றன. வைட்டமின் ஈயும் நல்ல எண்ணெயும் அந்தச் சின்ன முளையில்.

வெள்ளை பிரெட் செய்யும் மைதாவுக்கு எடுத்துக்கொள்வது நடுப்பகுதியை மட்டும். 100 கிலோ கோதுமையில் எழுபது, எழுபத்தைந்து கிலோ வெள்ளை மாவு கிடைக்கும். மீதி சல்லடையிலேயே தனியாகப் போய்விடுகிறது. முழுக்கோதுமை மாவில் 100 கிராமுக்கு 137 மில்லிகிராமாக இருக்கும் மெக்னீசியம், சத்து எதுவும் சேர்க்காத வெள்ளை மாவில் 22 ஆகிவிடுகிறது. தயமின் என்கிற பி1 அரை மில்லிகிராமிலிருந்து 0.12க்கு இறங்குகிறது. கால்வாசிதான் மிச்சம்.

கல் திரிகையில் அரைத்த காலத்தில் முளையும் சேர்ந்து நசுங்கும், அதன் எண்ணெய் மாவில் கலக்கும், மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 1870களில் ஹங்கேரியிலும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும், சுழலும் உருளைகளுக்கு இடையில் மணியை நசுக்கி அரைக்கும் உருளை ஆலைகள் பரவியபோதுதான் முளையையும் தவிட்டையும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எளிதானது. மாவு மாதக்கணக்கில் கெடாமல் கப்பலேறியது. அதுவரை வசதியானவர்கள் மேசையில் மட்டும் இருந்த வெள்ளை பிரெட் எல்லோருக்கும் கிடைத்தது. அதைச் சதி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கெடாத மாவு வேண்டும் என்பது நியாயமான தேவை. என்ன போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று லேபிள் படிக்கும் வேலை. பழுப்பாக இருந்தால் சத்தானது என்று கண் நம்பிவிடுகிறது, அங்கேதான் ஏமாற்றம். மைதாவும் கோதுமைதான். அதனால் பாக்கெட்டின் முன்பக்கம் ‘கோதுமை’ என்று போட்டிருப்பதை வைத்து உள்ளே எந்த மாவு என்று முடிவுசெய்ய முடியாது. கேரமல் நிறமி சேர்த்தாலும் பழுப்பு வரும், மால்ட் சேர்த்தாலும் வரும். ‘மல்டிகிரெய்ன்’ என்றால் பல தானியம் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அவை முழுசாக இருக்கின்றனவா, எவ்வளவு இருக்கின்றன என்பதை அந்தச் சொல் சொல்லாது.

பாக்கெட்டைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். எடை அதிகமானது முதலில் வரும், குறைய குறையப் பின்னால் வரும். முதல் பெயர் முழுக்கோதுமை மாவாக இருக்க வேண்டும். பக்கத்தில் விழுக்காடு போட்டிருந்தால் இன்னும் நல்லது. சில பட்டியல்களில் மைதா முதலிலும் முழுக்கோதுமை மாவு இரண்டாவதாகவும் இருக்கும். அது பெயருக்குக் கோதுமை பிரெட்.

இன்னொரு வழி, மாவுச்சத்து கிராமை நார்ச்சத்து கிராமால் வகுப்பது. பத்தோ அதற்குக் கீழோ வந்தால் முழுதானியம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். திங்கள்கிழமை எழுதிவைத்த எண்களில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கு இருபது பக்கம் வருகிறது, முழுக்கோதுமைக்கு ஏழு. எழுத்து சின்னதாக இருந்தாலும் அம்மா தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 8, சனி

வெள்ளை பிரெட்டுக்காக ஒரு வார்த்தை. பல நாடுகளில் வெள்ளை மாவில் சில சத்துகளைத் திரும்பச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் 1941இல் தொடங்கியது. நியாசின் என்ற பி வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் அங்கே ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிருந்த காலம். 1998 முதல் ஃபோலிக் அமிலமும் (ஃபோலேட் என்ற பி வைட்டமினின் ஒரு வடிவம்) கட்டாயம். கருவிலேயே குழந்தையின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகும் குறைபாட்டைத் தடுக்கத்தான் அது. பலனும் கிடைத்தது.

ஆகவே சத்தூட்டிய வெள்ளை பிரெட்டில் இரும்பும் ஃபோலேட்டும் முழுக்கோதுமையைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். நார்ச்சத்து, மெக்னீசியம், வைட்டமின் ஈ போன்றவற்றை மட்டும் பெரும்பாலும் யாரும் திரும்பச் சேர்ப்பதில்லை.

பிப்ரவரி 12, புதன்

அம்மாவின் கேள்விக்கு வந்துவிட்டேன்.

ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்க, டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் 1981இல் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுவது. 2008இல் வெளியான சர்வதேச அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75. முழுக்கோதுமை பிரெட்டின் சராசரி 74.

ஒரே ஒரு புள்ளி. பெரும்பாலானவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கும். காரணம் எளிது: தவிடும் முளையும் உள்ளே இருந்தாலும், மாவு தூளாக அரைபட்டுவிட்டால் மாவுச்சத்து வெளியே திறந்து கிடக்கிறது. பிரெட் உப்பிப் பஞ்சுபோல் வெந்த பிறகு செரிமான நொதிகளுக்கு அதை உடைப்பதில் சிரமமே இல்லை. கோதுமையில் இருக்கும் நார்ச்சத்து பெரும்பாலும் தண்ணீரில் கரையாத வகை. மலத்தை இளக்கிக் குடலை ஒழுங்காக இயக்கும், ஆனால் சர்க்கரை ஏறுவதைத் தடுக்கும் பசைபோன்ற தன்மை அதற்குக் குறைவு. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்துக்குத்தான் அந்தக் குணம் உண்டு. அதே அட்டவணையில், முழு மணிகள் பல்லில் கடிபடும்படி செய்த சிறப்பு தானிய பிரெட்டுகளின் சராசரி 53. மணி உடையாமல் இருந்தால் உடம்பு அதை உடைக்க நேரம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடித்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நடந்து 2017இல் வெளிவந்தது. 20 பேர் ஒரு வாரம் ஆலை வெள்ளை பிரெட், ஒரு வாரம் புளித்தமாவில் செய்த முழுக்கோதுமை பிரெட் சாப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் சிலருக்கு வெள்ளையில் சர்க்கரை கூடுதலாக ஏறியது, சிலருக்கு மற்றதில். யாருக்கு எது ஏற்றும் என்பதை அவரவர் குடலில் வாழும் பாக்டீரியாக்களை வைத்து ஓரளவு முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் அம்மா தன் குளுக்கோமீட்டரில் தானே பார்த்துக்கொள்வதுதான் சரியான வழி என்று இது எனக்கு உறுதிப்படுத்தியது.

மாலையில் சொன்னேன்: “சுகர் ஏறத்தான்மா செய்யும். கோதுமைன்னு கணக்கில்லாம சாப்பிடக் கூடாது. எத்தனை துண்டு, கூட என்ன சாப்பிடறோம், அதுதான் முக்கியம்.” முட்டையோ காயோ சேர்த்துச் சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாகும் என்பதையும் சொன்னேன். “அப்புறம் எதுக்குடி கோதுமை பிரெட்?” என்றாள். அதற்கும் பதில் வைத்திருந்தேன். நார்ச்சத்துக்கு, மெக்னீசியத்துக்கு, நாள்பட்ட இதய நலத்துக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. முழுக்கோதுமை பிரெட் இரண்டு துண்டில் மூன்றரை கிராம்போல வந்துவிடும், வெள்ளையில் ஒன்றரைதான். தினமும் சாப்பிடுகிற பொருளில் இது சின்ன வித்தியாசமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று முழுக்க ஒரு பழைய ஆராய்ச்சியிலேயே மூழ்கிவிட்டேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, எல்சி விடோசன், ராபர்ட் மெக்கான்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். டூயிஸ்பர்க், வுப்பர்டால் நகரங்களின் அனாதை இல்லங்களில் பட்டினியால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். அவர்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஐந்து விதமான பிரெட் கொடுத்தார்கள்: முழுக்கோதுமை, 85 விழுக்காடு மாவெடுத்தது (100 கிலோ கோதுமையில் 85 கிலோ மாவு), 70 விழுக்காடு மாவெடுத்த வெள்ளை, வைட்டமினும் இரும்பும் இரண்டு வெவ்வேறு அளவில் சேர்த்த வெள்ளை. பிரெட் வேண்டிய மட்டும். கூடவே உருளைக்கிழங்கு, காய்கறி. பாலும் இறைச்சியும் மிகக் குறைவு. உணவின் ஆற்றலில் முக்கால்வாசி பிரெட்டிலிருந்தே வந்தது.

பிள்ளைகள் எல்லோருமே தேறினார்கள். உயரமும் எடையும் வேகமாகக் கூடின. ஐந்து குழுவுக்கும் இடையில் சொல்லும்படியான வேறுபாடே இல்லை.

பசித்த பிள்ளைக்கு வயிறார உணவு கிடைத்ததும், கூட இருந்த காய்கறி இடைவெளிகளை நிரப்பியதும்தான் அங்கே பெரிய விஷயம். தட்டில் மற்றது நன்றாக இருந்தால் வெள்ளை பிரெட் யாரையும் கெடுத்துவிடாது. அதே நேரம் வளரும் பிள்ளைகளின் சில மாதங்களை வைத்து, அறுபது வயதில் வரும் இதய நோயைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும். பல நாடுகளில் பல்லாண்டுகள் மக்களைத் தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. தினமும் 90 கிராம் முழுதானிய உணவு சாப்பிட்டவர்களிடம், இதயத் தமனி நோய் அபாயம் சுமார் 19 விழுக்காடு குறைவாக இருந்தது. முழுதானியம் சாப்பிடுகிறவர்கள் மற்றபடியும் கவனமாக வாழ்கிறவர்களாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கழிக்க முயன்றாலும் முழுதாகக் கழித்துவிட முடியாது. இருந்தும் பலவித மக்களிடம் திரும்பத் திரும்ப ஒரே திசையில் முடிவு வருவதை நான் மதிக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தவிட்டில் நல்லது மட்டும் இல்லை. அதில் உள்ள ஃபைடிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பிரிட்டனில் போர்க்காலத்தில் முழுமையான மாவுக்கு மாறியபோது மாவில் கால்சியம் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவு புளிக்கப் புளிக்க இந்தச் சிக்கல் குறைகிறது. கோதுமையிலேயே ஃபைடேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவில் லேசாகப் புளிப்பு ஏறும்போது அது நன்றாக வேலை செய்து ஃபைடிக் அமிலத்தை உடைக்கிறது. புளித்தமாவு பிரெட்டில் இது அதிகம் நடக்கும், அவசரமாகப் பொங்கவைத்த மாவில் குறைவு. அதனால் வீட்டில் செய்யும்போது ஈஸ்ட்டைக் குறைத்து, இரவு முழுக்க வைத்துப் புளிக்கவிடுகிறேன். தவிடு தண்ணீரை நிறைய குடிக்கும், ஆகவே மாவைக் கையில் ஒட்டுகிற பதத்தில் தளரப் பிசைய வேண்டும். மாவை இழுபடவைக்கும் புரதமான குளூட்டனின் இழைகளைத் தவிட்டுத் துணுக்குகள் அறுப்பதால் வெள்ளை பிரெட் அளவுக்கு உப்பாது. கடை பிரெட்டில் இதைச் சரிக்கட்டத் தனியாகக் குளூட்டனும், கசப்பை மறைக்கச் சர்க்கரையும் சேர்ப்பதுண்டு. சர்க்கரை எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பும் இருக்கிறது. இரண்டு வகையிலும் 100 கிராமுக்கு 450 முதல் 500 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2000க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு எந்த பிரெட் என்பதைவிட இந்த எண் முக்கியம்.

பிப்ரவரி 22, சனி

அக்கா போன் செய்தாள். மூன்று வயதுப் பையன் வெள்ளை பிரெட்டைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறானாம், குற்ற உணர்ச்சியில் பேசினாள். “அவனைப் போட்டு மிரட்டாதக்கா. சின்ன வயிறு, நார்ச்சத்தை அளவுக்கு மேல திணிச்சா வேற எதையும் சாப்பிட இடமிருக்காது. பழம், காய் சாப்பிடறான்ல? சாண்ட்விச்சுல ஒரு துண்டு வெள்ளை, ஒரு துண்டு கோதுமை வச்சுக் குடுத்துப் பாரு” என்றேன். அத்தானுக்கு அடுத்த வாரம் கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, இருக்கிறது என்றும் சொன்னாள். அந்தச் சில நாட்களுக்கு நார்ச்சத்து குறைந்த உணவு என்று மருத்துவமனை கொடுத்த தாளில் வெள்ளை பிரெட் இருக்கிறதாம். அவருக்கு அதையே கொடுக்கச் சொன்னேன். பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்றதும் முழுக்கோதுமைக்குத் திரும்பிக்கொள்ளலாம்.