ஜப்பானுக்குக் கடிதம் அனுப்பப் பட்ட பாடு

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் ஹிரோஷிமா பக்கத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளும் பேனா நண்பர்கள் ஆகிவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மூலமாகத்தான் தொடர்பு கிடைத்தது. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. படுத்தியெடுத்தது தபால்தான்.

ஊர் அஞ்சலகக் கவுன்டரில் "ஜப்பானுக்குப் போகணும்" என்று சொல்லித்தான் கவர்களைக் கொடுத்தேன். அங்கிருந்தவர் எடை போடவே இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்து "ஒட்டிப் பெட்டியில போட்டுடுங்க சார்" என்றார். அது உள்நாட்டுக் கட்டணம். கொஞ்ச நாளில் மொத்தமும் தபால்தலை போதாது என்று முத்திரை குத்தி எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தது. ஜப்பானிலிருந்துதான் பதில் வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், அந்த முகங்களைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போய்க் கேட்டால் "வெளிநாட்டுக்கெல்லாம் ஹெட் போஸ்ட் ஆபீஸ்தான் போகணும்" என்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

தலைமை அஞ்சலகத்தில் இருந்த அம்மா தங்கமானவர். தனித்தனிக் கவர் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பள்ளி முகவரிக்குப் பதிவுத் தபாலில் போடுங்கள், எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் நம்பர் கிடைக்கும் என்றார். அப்புறம் கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு "உள்ளே பேப்பர் தவிர என்ன இருக்கு?" என்று கேட்டார். பிரித்தால் புளியங்கொட்டை, ஒரு மயிலிறகு! விதை எதுவும் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் போகாது. மயில் தோகை இறகை வெளிநாட்டுக்கு அனுப்ப நம் நாட்டிலேயே தடை. பொட்டு அட்டை, வளையல் மாதிரி பொருள் வைத்தால் சுங்கத்துக்கு விவரம் எழுதித் தர வேண்டும். வெறும் கடிதம், படம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. இறகு வைத்த பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். பிறகு அவனே அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, கண் வரைக்கும் அப்படியே அச்செடுத்து அனுப்பினான்.

இந்த இழுபறியில் கட்டு போய்ச் சேர்ந்தபோது மார்ச் கடைசி. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வகுப்பையே கலைத்து மாற்றிவிடுவார்கள். அந்தப் பள்ளி ஆசிரியை ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு புது வகுப்புகளில் தேடித் தேடிக் கொடுத்திருக்கிறார். பதில் வந்ததோ மே மாதம், நம் பள்ளி பூட்டிக் கிடக்கும் நேரம். போஸ்ட்மேன் போன் போட்டுச் சொன்னதால் தப்பித்தது. தொடங்குகிறவர்கள் ஜூனிலேயே எழுத வைத்துவிடுங்கள். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய அங்கே கோடை விடுமுறை, அதனால் செப்டம்பரில் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பினால் நல்லது. பிள்ளைகளின் வீட்டு முகவரி, போன் நம்பர் எதையும் எழுத விடாதீர்கள், இரண்டு பக்கமும் பள்ளி முகவரியே போதும்.

இன்னொன்று, கரும்பலகையில் ஆங்கிலக் கடிதம் எழுதிப் போட்டு எல்லோரையும் காப்பியடிக்க வைக்காதீர்கள். சக ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் செய்யச் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் தட்டுத்தடுமாறித்தான் ஆங்கிலம் எழுதுகிறார்கள், அதனால்தான் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் போனது. வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைப்பதாகவும், வெள்ளை அங்கி போட்டு முறைவைத்து மதிய உணவு பரிமாறுவதாகவும் ஒரு மாணவி எழுதியிருந்தாள். சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை என்று எங்கள் பையன் எழுதியதற்கு, "அத்தனை முட்டையையும் யார் உரிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு யார் பதில் எழுதுவது என்று வகுப்பில் இப்போது சண்டை நடக்கிறது.