பாஞ்சாலில இருந்து சித்தி வரைக்கும்

நடிகை ராதிகான்னாலே எங்க வீட்ல 'சித்தி' சீரியல்தான், 1999ல சன் டிவில ராத்திரி அந்த டைட்டில் பாட்டு ஆரம்பிச்சா அம்மா அடுப்ப சிம்ல வச்சிட்டு கரண்டியோடவே ஹாலுக்கு ஓடி வந்துடுவாங்க, குழம்பு அடிப்பிடிச்ச நாளெல்லாம் உண்டு. எம்.ஆர்.ராதா பொண்ணுன்னே எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரியும். 1978ல பாரதிராஜா படம் கிழக்கே போகும் ரயில்ல பாஞ்சாலியா அறிமுகம், அப்போ வயசு பதினாறு கூட ஆகல! ரயிலோட கடைசி பெட்டில காதலன் எழுதி அனுப்புறத படிக்க தண்டவாளம் பக்கத்துல நிப்பாங்களே, அந்த முகத்துல நடிப்புன்னே தெரியாது. அப்புறம் தெலுங்குலயும் சிரஞ்சீவியோட வரிசையா படங்கள். 1985ல 'மீண்டும் ஒரு காதல் கதை'ங்கிற படத்த தயாரிச்சு, அதுலயே மனவளர்ச்சி குன்றின பொண்ணாவும் நடிச்சாங்க, எனக்கு பாஞ்சாலிய விட இதுதான் பிடிக்கும், அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க.