குரோல் குரலிலும் வரி புரிய வேண்டும்

சுயாதீன ராக், மெட்டல் குழுக்களுக்குப் பாட்டு மிக்ஸிங் செய்து கொடுப்பது, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது, என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பாடுகிறவர்கள். நானும் விசுவாசி என்பது ஒரு காரணம்தான். குரோல் என்கிற, தொண்டையிலிருந்து உறுமுகிற மாதிரிப் பாடும் குரலிலும் வார்த்தை புரிகிற மாதிரி மிக்ஸ் செய்து தருவேன் என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது, அது பெரிய காரணம். பொதுவாக மெட்டலில் குரல் இன்னொரு வாத்தியம் மாதிரி, வார்த்தை பிடிபடாவிட்டால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. இவர்கள் அப்படி விடமாட்டார்கள். வேதத்தோடு ஒத்துப் பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு, சிலர் போதகரிடமும் காட்டி எழுதின வரி அது. டிரம்ஸுக்கு அடியில் புதைந்துபோனால் மனசு கேட்குமா?

ஆனால் கஷ்டம் எங்கே என்றால், டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கின கிட்டாரும் குரலின் மெய்யெழுத்து ஒலிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம், முட்டிக்கொள்ளும். கிட்டாரை ஒரேயடியாக இறக்கினால் பாட்டே சோப்ளாங்கியாகிவிடும். அதனால் குரல் வருகிற நேரத்தில் மட்டும் கிட்டாரில் அந்தப் பகுதி கொஞ்சம் விலகிக்கொள்கிற மாதிரி டைனமிக் ஈக்யூ போடுவேன். அதுவும் போதாவிட்டால் பாடகரிடம் அதே வரியை, அதே தாளத்தில், கிசுகிசுப்பாகச் சொல்லி இன்னொரு டிராக்காகப் பதிந்து அனுப்பச் சொல்வேன். குரோலுக்கு அடியில், தனியாகக் காதில் விழாத அளவுக்கு அதைச் சேர்த்தால் வல்லினமெல்லாம் பளிச்சென்று மேலே வந்துவிடும்.

அந்தக் கிசுகிசுப்பு டிராக்கை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்பேன், சுத்தம் செய்வதற்காக. ஹெட்போனிலிருந்து கசிகிற மெட்ரோனோம் தட்டல், வாய் திறக்கும் சத்தம், மூச்சு. அதற்கு நடுவே, மேடையில் தொண்டை கிழியக் கத்துகிற அதே ஆள், 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருப்பார். சங்கீதம் 13. அப்போது அது எனக்கு ஜெபமாகத்தான் கேட்கிறது, மேலே குரோலைச் சேர்த்த பிறகும் அது ஜெபம்தான்.

இந்த இசைக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கிறது. ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ மெட்டல் குழு ஏசாயா 53:5 வசனத்தைத் தன் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டது, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாடுகளை வீசியது, 1986-ல் வந்த அவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இவ்வளவு செய்தும், ஜிம்மி ஸ்வாகர்ட் மாதிரி தொலைக்காட்சிப் பிரசங்கிகள் கிறிஸ்தவ ராக் என்பதே கூடாது என்று முழங்கினார்கள். பிசாசை நெருப்பில் தள்ளுகிற மாதிரி வரைந்திருந்த அந்த ஆல்பத்தின் அட்டைப்படம்கூடச் சர்ச்சையாகி, வெறும் கறுப்பு அட்டையாக மாறியது. இன்னொரு பக்கம், 1994-ல் ஆஸ்திரேலிய டிரம்மர் ஜேசன் ஷெர்லாக், ஹோர்ட் என்ற பெயரில் தனி ஆளாக ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் செய்தபோது, தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'அனானிமஸ்' என்றுதான் போட்டார். கிறிஸ்துவை வெறுப்பதையே அடையாளமாக வைத்திருந்த ஒரு இசையில் போய், அதே சத்தத்தில், கிறிஸ்துவைத் துதிப்பது சின்ன விஷயமில்லை.

அதனால்தான் இவர்களுக்குச் சுயாதீனம் என்பது பெரும்பாலும் பிழைக்கும் வழி. 1993-ல் டூத் அண்ட் நெயில், அடுத்து 1997-ல் அதன் கனமான பிரிவாக சாலிட் ஸ்டேட், அதே வருடம் ஃபேஸ்டவுன் என்று இவர்களுடைய பாட்டுகளை வெளியிடும் லேபிள்கள் வந்தன. அமெரிக்காவின் இல்லினாயில் 1984 முதல் 2012 வரை நடந்த கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ இசை விழா எத்தனையோ குழுக்களுக்குத் தாய்வீடு. 2011-ல் ஃபைவ் அயர்ன் ஃப்ரென்ஸி என்ற குழு புதுப் பாட்டுகளுக்காக ரசிகர்களிடம் 30,000 டாலர் கேட்டு, 2 லட்சத்துக்கு மேல் திரட்டியதும் எல்லோருக்கும் ஒரு தெம்பு. பின்லாந்தில் 2006-லிருந்து லுத்தரன் சபை மெட்டல் ஆராதனையே நடத்துகிறது, பழைய ஞானப்பாட்டுகளைக் கனமான கிட்டாரோடு சபையாரே எழுந்து நின்று பாடுகிறார்கள். எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

சரி, பணம் வந்தால் கூடவே நிபந்தனையும் வரும். என்னிடம் வந்த ஒரு குழுவின் பாடகர் தன் தம்பியை இழந்தவர். அவர் எழுதின பாட்டு முழுக்கப் புலம்பல், கடைசி வரிகூடக் கேள்விதான். பதிவுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்ட ஒருவர், முடிவில் மெல்லிய குரலில் ஆறுதலாக ஒரு பல்லவி வேண்டும், இல்லையென்றால் கேட்கிற பிள்ளைகள் இடறிப்போவார்கள் என்றார். நல்ல எண்ணம்தான். குழு என்னைக் கேட்டது. மிக்ஸ் செய்கிறவன் வார்த்தையில் தலையிடுவது வழக்கமில்லை, ஆனாலும் சொன்னேன்: சங்கீதம் 88-ஐ எடுத்துப் படியுங்கள், அது இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரி கிடையாது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இன்றைக்குச் சபைகளில் பாடுகிற பாட்டு பெரும்பாலும் வெற்றி, ஆசீர்வாதம், சந்தோஷம். துக்கத்தில் இருக்கிறவன் வந்து நின்று பாட ஒன்றும் இல்லை. மெட்டலில் அந்த இடம் இருக்கிறது, அதிலும் கொண்டுபோய் ஆறுதலைக் கட்டாயமாக்கினால் அவன் எங்கே போவான்?

பாடகர் பல்லவியைச் சேர்க்கவில்லை. பணம் தந்தவர் நன்றி பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டார்கள், கோபதாபம் எதுவும் இல்லாமல் முடிந்தது. பாட்டு வந்த பிறகு, துக்க வீட்டிலிருந்து எழுதுகிறேன் என்று அவர்களுக்குக் கடிதங்கள் வந்ததை எனக்கும் அனுப்பிவைத்தார்கள்.

விசுவாசத்தை விட்டுவிட்டவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அண்டர்ஓத் 2006-ல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன குழு, பிற்பாடு நாங்கள் இனி கிறிஸ்தவக் குழு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதற்காக அவர்களைத் திட்டித் தீர்த்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்பாததை நம்புகிற மாதிரி மேடையில் பாடுவதைவிட அது எவ்வளவோ மேல். என் வாடிக்கையாளர்களிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அவரிடமே சொல்லியிருக்கிறேன், அவருக்காக ஜெபிப்பதும் அவருக்குத் தெரியும். இப்போது அவர் எழுதுவதெல்லாம் கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிற பாட்டுகள். அவரிடமும் கிசுகிசுப்பு டிராக் கேட்டு வாங்குகிறேன், அவர் கேட்கிற கேள்வியும் ஒரு எழுத்து விடாமல் புரிய வேண்டும்.