உதவிக் கொள்கையும் தொண்டு நிறுவனக் கூட்டமைப்பும்: பெரிய வினாவுக்கு விடை எழுதும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளில் சமூகப்பணி முதுகலை படிப்பவர்கள் பலர், ‘அரசின் வெளிநாட்டு உதவிக் கொள்கையைத் தொண்டு நிறுவனக் கூட்டமைப்புகள் எப்படி மாற்ற முயல்கின்றன?’ என்ற வினாவைப் பார்த்ததும், “தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி அரசை வலியுறுத்துகின்றன” என்று தொடங்கி அதையே மூன்று பக்கம் இழுக்கிறார்கள். அதற்கு மதிப்பெண் விழாது. யார், யாரிடம், எதை, எப்போது கேட்டார்கள், கிடைத்தது நிலைத்ததா என்பதை எழுத வேண்டும். நாலு நாடுகளைத் தொட்டுவிட்டு ஓடாமல் பிரிட்டன் ஒன்றை மட்டும் ஆழமாகப் படியுங்கள்.

பணக்கார நாடுகள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. பிரிட்டன் அந்த அளவை எட்டியது 2013இல்தான். இடையில் நடந்ததுதான் கூட்டமைப்புகளின் வேலை. 1998இல் பர்மிங்காமில் எட்டுப் பெரிய நாடுகளின் ஜி8 மாநாட்டைச் சுற்றி நின்ற மனிதச் சங்கிலி கேட்டது ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடி. 2005இல் ‘மேக் பாவர்ட்டி ஹிஸ்டரி’ (வறுமையை வரலாறாக்குவோம்) என்ற கூட்டு இயக்கம் கேட்டது நியாயமான வணிகம், கடன் தள்ளுபடி, கூடுதலான, தரமான உதவி. இந்த இரண்டுக்கும் இரண்டு வரி போதும்.

விரித்து எழுத வேண்டிய இடம் வெளிநாட்டு உதவி இலக்கு பற்றிய பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். அது 0.7 சதவீதத்தை அமைச்சரின் கடமையாக்கியது. ஆனால் இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் தந்தால் போதும். நீதிமன்றம் போக வழியில்லை. அதனால்தான் சட்டத்தை நீக்காமலேயே 2021இல் உதவியை 0.5 சதவீதமாகக் குறைக்க முடிந்தது. அந்த ஜூலையில் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபை 333க்கு 298 என்ற வாக்கில் நிதியமைச்சரின் நிபந்தனைகளை ஏற்றது: அன்றாடச் செலவுக்கு அரசு கடன் வாங்காத நிலையும், கடன் சுமை குறைவதும் வந்தால்தான் பழைய அளவு திரும்பும். 2025 பிப்ரவரியில், 2027க்குள் 0.3 சதவீதம் என்று அரசு அறிவித்தது. வெற்றியோடு விடையை நிறுத்துகிறவர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

செயல்முறையைக் கேட்டால் 1993இல் தொடங்கிய ‘பாண்ட்’ என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனக் கூட்டமைப்பை எழுதுங்கள். இத்தகைய அமைப்புகளில் உறுப்பினர்கள் பணிக்குழுக்களாகப் பிரிந்து பொதுக் கோரிக்கையை வரைகிறார்கள்; நாடாளுமன்றக் குழுவுக்கு எழுத்துச் சாட்சியம் தருகிறார்கள்; பட்ஜெட் முடிவாவதற்கு முன்பே அதிகாரிகளைச் சந்திக்கிறார்கள். துறை அமைச்சரை மட்டும் பார்த்துவிட்டு நிதித் துறையை விட்டுவிட்டால் முயற்சி வீண். எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்பதற்காகக் கோரிக்கை நீர்த்துப்போவது இன்னொரு சிக்கல். அரசிடம் நிதி பெறும் உறுப்பினர்கள் கடுமையான வாசகத்துக்குத் தயங்குவார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி தொண்டு நிறுவனம் தன் நோக்கத்துக்காகக் கொள்கை மாற்றம் கோரலாம், கட்சியை ஆதரிக்கக் கூடாது. இதையும் ஒரு வரியில் சேருங்கள்.

இந்தியாவோடு ஒப்பிடச் சொன்னால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தை எழுதுங்கள். வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர அது தடை விதித்தது. நிர்வாகச் செலவு வரம்பை 50இலிருந்து 20 சதவீதமாக்கியது. சென்னையிலுள்ள பெரிய நிறுவனம் அந்தப் பணத்தை ஜவ்வாது மலையில் வேலை செய்யும் சிறிய அமைப்புக்குப் பகிர முடியாது என்று உள்ளூர் உதாரணம் தந்தால் விளக்கம் தெளிவாகும். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இங்கே இழுக்காதீர்கள். நம் மாவட்டத்துக்கு அது பெரிய வழக்குதான். ஆனால் அது நீதிமன்ற வழி. இந்த வினா கேட்பது அரசின் வெளிநாட்டு உதவிக் கொள்கையை.