காரை ஏற்றி இழுப்பது: இரண்டு ஞாயிறும் ஒரு பனஞ்சலாகையும்

போன முறை களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுக்குருந்த கார்ப் பந்தயத் தடம் வரை காரை ஓட்டிக்கொண்டே போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். நாலாவது சுற்றில் கிளட்ச் போய்விட்டது. திரும்பி வருவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கரியர் லொறிக்காரர் வாங்கிய தொகையை இங்கே எழுதினால் வீட்டில் பார்த்துவிடுவார்கள்.

கார் முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர், பின்சில்லால் ஓடுவது. இழுப்பது அண்ணையின் ஹைலக்ஸ்.

முதலில் டொலிதான் மனதில் இருந்தது. முன்சில்லுகளை மட்டும் தூக்கி வைக்கும் சின்ன வண்டி. விலை குறைவு, முற்றத்தின் மூலையில் விட்டுவிடலாம். ஆனால் பின்சில்லுகள் றோட்டில் உருளும்போது கியர்பொக்ஸின் பின்தண்டும் சுற்றிக்கொண்டே வரும். எஞ்சின் ஓடாததால் உள்ளே எண்ணெய் சரியாகத் தெறிக்காது. ஒவ்வொரு முறையும், கியர்பொக்ஸிலிருந்து பின்சில்லுகளுக்குப் போகும் புறொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். நாள் முழுக்க ஓடிக் களைத்த பிறகு, நுளம்புக்கடிக்குள் படுத்துக்கொண்டு அதை நான் செய்யப் போவதில்லை.

சரி என்று நாலு சில்லு ட்ரெய்லர் ஒன்றை இரவல் வாங்கினேன். வெறும் எடை 600 கிலோ, காரோடு 1570. ஞாயிறு காலை ஆனையிறவு வரை போய்ப் பார்த்தோம். பளை, இயக்கச்சி தாண்டும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வெளியான இடத்தில் சோளகம் பக்கவாட்டில் அடித்ததும், 60இலேயே ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. அண்ணை பிரேக் பிடிக்காமல் காலை மட்டும் எடுத்தார். ஆடி ஆடி அடங்கியது. இறங்கித் திறப்பை என் கையில் தந்தார்: "இனி நீயே ஓடு."

வீட்டுக்கு வந்து, ட்ரெய்லரின் முன்கொக்கியில் இறங்கும் பாரத்தை அளந்தேன். குளியலறைத் தராசு 150 கிலோவோடு நின்றுவிடும். அதனால் பனஞ்சலாகையின் ஒரு நுனியைத் தராசிலும் மற்றதைக் கல்லிலும் வைத்து, சரி நடுவில் கொக்கியை இறக்கினேன். தராசு காட்டியது 40. இரட்டித்தால் 80, மொத்த எடையில் 5 வீதம். ட்ரெய்லர் வாலாட்டாமல் இருக்கக் குறைந்தது 10 வீதமாவது வேண்டும். காரை ஓரடி முன்னுக்குத் தள்ளினேன்: 82, அதாவது 164 கிலோ. சில்லு நின்ற இடத்தில் பெயின்ற் அடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அதே வெளி, அதே காற்று, அதே 60. ஆடவில்லை. இயக்கச்சியில் இறங்கிப் பார்த்தபோது காரைக் கட்டிய பெல்ட்டுகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன. கட்டி 15 கிலோமீற்றரில் ஒருமுறை இறுக்கியிருக்க வேண்டும். ட்ரெய்லரின் இடப்பக்கச் சில்லொன்றின் பிரேக் சூடாகிறது. அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் வவுனியா வரை.